தோல் ஷாப்புக்குப் போன துவர்ப்பு டீத்தூளிலும் உண்டு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்து வியாபாரிகளான நமக்குக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் புதிய சரக்கல்ல. குரோம் முறை பரவுவதற்கு முன்பு தோல் ஷாப்புகளுக்கு இவை மூட்டை மூட்டையாகப் போயின. இவற்றின் துவர்ப்புக்குக் காரணமான பொருள் டானின். பச்சைத் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கி, அழுகாமல் காப்பது அதுதான். அதே இனத்துப் பொருள் நாம் தினமும் பொட்டலம் கட்டும் டீத்தூளிலும் இருக்கிறது.

டீ குடித்தால் குடல் தோலாகிவிடும் என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. அது வெறும் பேச்சு. விஷயம் இரும்புச் சத்தில் இருக்கிறது.

கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி போட்டு மை காய்ச்சியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அன்னபேதி ஓர் இரும்பு உப்பு. டானின் இரும்பைப் பற்றிக்கொள்வதால்தான் அந்தக் கறுப்பு. பட்டையில் பதனிட்ட ஈரத்தோலில் ஆணி பட்டால் கறை விழுவதும் இதனால்தான். சாப்பாட்டோடு டீ குடித்தால் வயிற்றிலும் இதே வேலை நடக்கிறது. கீரை, பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சேருவது குறைகிறது. இறைச்சியின் இரும்புக்கு இந்தத் தொல்லை குறைவு. பிரியாணிக்காரர்கள் ஓரளவு தப்பித்தார்கள்!

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. டீ ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்கள் இட்லியையும் டீயையும் ஒன்றாக விழுங்குவதைப் பார்க்கிறோம். சிலர் சுகாதார நிலையத்தில் தந்த இரும்பு மாத்திரையையும் அதே டீயில் போட்டுக்கொள்கிறார்கள். அரசு கொடுத்த மாத்திரையின் பலன் பாதி வழியிலேயே குறைந்துபோகிறது.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டி கூறுகிறது. எலுமிச்சை, நெல்லி, கொய்யாவின் வைட்டமின் சி இரும்பு சேர உதவும்.

இதைச் சொன்னால் டீத்தூள் வியாபாரம் படுத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. டீயை நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் தள்ளிவைக்கச் சொல்கிறோம். நாலு மணி டீ அப்படியே இருக்கட்டும். கூடவே நாலு எலுமிச்சம்பழமும் விற்கும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குச் சாமான் கட்டும்போது இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள். முகம் வெளிறி, மூச்சிரைக்க வருபவர்களுக்கு நாமே வைத்தியம் சொல்லாமல், இரத்தப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.