ரோபோ வளர்த்த காடு

ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1995 மார்ச்சில் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கு வெளியிட்ட வீடியோ கேம், ‘குரோனோ டிரிக்கர்’. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ தந்த ஹிரோனோபு சகாகுச்சி, ‘டிராகன் குவெஸ்ட்’ தந்த யூஜி ஹோரி, ‘டிராகன் பால்’ ஓவியர் அகிரா டோரியாமா ஆகிய மூவரும் இதற்காகக் கைகோத்தார்கள்.

விளையாட்டின் கதைப்படி, 1999இல் உலகம் அழியப்போகிறது. அதைத் தடுக்க, டைனோசர் காலம் முதல் 2300ஆம் ஆண்டு வரை சில நண்பர்கள் காலம் தாண்டிப் போகிறார்கள். அதில் ஓரிடம் நெஞ்சைத் தொடும். 600ஆம் ஆண்டில், வறண்டுபோன நிலத்தில் மரம் வளர்க்க, ரோபோ என்ற இயந்திரத் தோழன் தங்கிவிடுகிறான். மற்றவர்களுக்கு 1000ஆம் ஆண்டுக்குப் போவது நொடிப் பயணம். அவனுக்கோ 400 ஆண்டு உழைப்பு! அங்கே இறங்கினால் எங்கும் பெருங்காடு. செயலற்றுப்போன அவனை, தோழி லூக்கா பழுதுபார்த்து எழுப்புகிறாள். காலப் பயணத்தின் விலையை இவ்வளவு எளிமையாகச் சொன்ன காட்சிகள் குறைவு.

2018இல் கணினிக்கு வந்த இந்த விளையாட்டின் பதிப்பில், பழைய புள்ளிச் சித்திரங்களை மழுமழுவென மாற்றியிருந்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். சில வாரங்களிலேயே மூலச் சித்திரங்களோடு விளையாடும் வசதியை நிறுவனம் சேர்த்தது. அதுவே அந்தக் கலைக்குச் செய்த நியாயம்.