போத்தல் சீட்டு யாருக்காகப் பேச வேண்டும்?



நான் தோட்டப் பள்ளியில் படித்த காலம். எங்கள் லயத்தில் ஒரு அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பத்தியச் சாமான்களோடு சின்னப் போத்தல் சம்சு ஒன்றையும் வாங்கி வந்தார்கள். பாட்டி அதை என்னிடம் நீட்டினார். "தம்பி, நீதான் படிக்கிற புள்ளையாச்சே, இதுல என்னா போட்டிருக்குன்னு பாருப்பா."

உடம்பு வலிக்கும், வாதத்துக்கும், பிள்ளை பெற்ற உடம்புக்கும் நல்லது என்று போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். சீட்டே சொன்ன பிறகு கேள்வி ஏது? அந்த அக்கா குடித்தார். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே குடித்தார். படித்துக் காட்டியவன் நான் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

ஒரு சாண் காகிதம்தானே என்று நினைக்காதீர்கள். அந்தக் காகிதத்துக்காக உலகத்தில் பெரிய வாக்குவாதமே நடக்கிறது.

ஐரோப்பாவைப் பாருங்கள். வைன் போத்தலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு சத்து இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2023 டிசம்பர் 8 முதல் நடப்புக்கு வந்தது. அங்கே ஆட்சிமொழிகள் 24. திராட்சைத் தோட்டக்காரர் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சீட்டு அடித்தால் கட்டுப்படியாகுமா? அதனால் சேர்மானப் பட்டியலைக் கைத்தொலைபேசியில் பார்க்கும் கட்டக் குறியாகப் போடலாம் என்று விட்டார்கள். ஒவ்வாமை தரும் பொருளும் கலோரி அளவும் மட்டும் போத்தலிலேயே இருக்க வேண்டும். குறிக்குப் பக்கத்தில் எந்த வார்த்தை போடுவது என்பதிலும் சிக்கல். ஆகவே வார்த்தைக்குப் பதில் எல்லா நாட்டுக்கும் பொதுவான சின்னம் போடலாம் என்று 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் யோசனை சொன்னது.

இதில் தப்பில்லை. திராட்சை பறிப்பவனும் போத்தல் அடைப்பவனும் நம்மைப் போலத் தொழிலாளிதான். வியாபாரம் நடந்தால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும்.

ஆனால் அயர்லாந்தில் நடந்தது வேறு. மதுவால் ஈரல் கெடும், புற்றுநோய் வரும், கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது என்று போத்தலிலேயே எச்சரிக்க வேண்டும் என்று 2023இல் விதி செய்தார்கள். 2026 மே மாதம் தொடங்க வேண்டியது. வியாபாரத்துக்குப் பாதிப்பு என்று சொல்லி, 2025இல் அதை 2028க்குத் தள்ளி வைத்தார்கள்.

இங்கேதான் நாம் கோடு போட வேண்டும். சீட்டு அடிக்கும் செலவைக் குறைப்பது சலுகை. ஆபத்தைச் சொல்லாமல் ஒத்திப் போடுவது சலுகை அல்ல. குடிக்கிறவன் தலையில் கணக்கைக் கட்டுவது.

நம் மலேசியாவில் 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18இலிருந்து 21 ஆனது. மது குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கலாம் என்ற எச்சரிக்கையும் போத்தலில் மலாய் மொழியில் வந்தது. நல்ல காரியம். மலாயோடு வேறு மொழியிலும் சேர்த்துப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிறகு தமிழில் ஒரு வரி போட என்ன தடை? விற்பதற்கு மட்டும் தமிழ் வேண்டும், எச்சரிப்பதற்கு வேண்டாமா?

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனாலை வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், மூச்சு வாங்கும். கள்ளச் சரக்குக்காரன் சீட்டையும் கள்ளமாக அடிப்பான். ஆகவே சீட்டு மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். இதில் ஒழுங்காகத் தொழில் செய்யும் முதலாளிக்கும் லாபம்தான். போலிச் சரக்கு அவன் பிழைப்பையும் கெடுக்கிறதல்லவா?

நம் கோரிக்கை சின்னது. மதுவின் அளவு பெரிய எழுத்தில் இருக்கட்டும். எச்சரிக்கை நாம் படிக்கும் மொழியிலும் இருக்கட்டும். அதைத் தொலைபேசிக்குள் ஒளிக்காமல் போத்தல் மேலேயே போடட்டும்.

வீட்டிலே படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த பாட்டி போத்தலை நீட்டும்போது, அவர்கள் உண்மையைப் படித்துக் காட்டட்டும்.