கடற்புல் இலையில் விளையும் பாசி

தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் கடற்புல் பரந்து வளர்கிறது. இது பாசி அல்ல. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள செடியே. கடல்பசுவுக்கு இதுதான் தீனி. இறால் குஞ்சுகளுக்கு இதுதான் மறைவிடம். இங்கு 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022ஆம் ஆண்டில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இலைமேல் ஒரு பயிர்

கடற்புல்லின் புதிய இலை சுத்தமாக வெளிவரும். சில நாட்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் அதில் வழவழப்பாகப் படியும். பிறகு சுண்ணாம்புப் பொட்டு போன்ற பாசியும், நூல் போன்ற பாசிகளும் ஒட்டும். இலை அடியிலிருந்து வளர்வதால் நுனிதான் முதியது. பாசியும் அங்கேதான் அதிகம். இலை உதிர்ந்தால் பாசியும் அதனுடன் போய்விடும். ஆகவே சில வாரங்களுக்குள் அது வேகமாக விளைந்தாக வேண்டும்.

அளப்பது எப்படி?

இலைக்கற்றையின் அடியில் ஊசியால் துளையிட்டு, சுமார் பத்து நாள் கழித்துப் பார்க்கிறார்கள். துளை மேலேறிய தூரமே இலையின் வளர்ச்சி. இதிலிருந்து இலையின் ஒவ்வொரு பகுதிக்கும் வயது தெரிந்துவிடும். அப்பகுதியின் பாசியைச் சுரண்டி, உலர்த்தி, எடைபோட்டு, வயதால் வகுத்தால் பாசியின் வளர்ச்சி கிடைக்கும். சில புல்திட்டுகளில் இலையும் பாசியும் சேர்ந்த விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாசியினுடையதே. நத்தைகளும் சிறு இறால் வகைகளும் இதை மேய்கின்றன. அவற்றை மீன்கள் தின்கின்றன.

அளவு மீறினால்

நிலத்திலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் கடலுக்கு அதிகமாக வந்தால், புல்லைவிடப் பாசி விரைந்து வளரும். பயிரைக் களை மூடுவதுபோல் இலையை மூடி வெயிலை மறைக்கும். மேய்கிற உயிர்களும் குறைந்துவிட்டால் புல் வெளிறி அழியும். புல் போனால் இறால் வரத்தும் குறையும்.

நம் பங்கு என்ன?

அக்கினியாறும் தெற்கு வெள்ளாறும் பாக் விரிகுடாவில்தான் கலக்கின்றன. வயலில் கரைந்து ஓடும் உரம் அங்கே போய்ச் சேரக்கூடும். இப்போது கிடைப்பது வேப்பெண்ணெய் பூசிய யூரியா என்றாலும் கவனம் தேவை. மண் பரிசோதனைப்படி உரமிடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் எனப் பிரித்து இடுங்கள். மழை வரும் என்று தெரிந்தால் உரமிடுவதைத் தள்ளிப்போடுங்கள். இட்டபின் சில நாட்கள் வடிமடையை அடைத்து வையுங்கள். உரச்செலவும் மிச்சம், கடற்கரை மீனவரின் பிழைப்புக்கும் அது காப்பு.