எண் சொல்லும் வயது: பழைய அமெரிக்க சைக்கிள்களின் காலத்தை அறிதல்

ஒரு கல்வெட்டில் "பிரபவ ஆண்டு, சித்திரைத் திங்கள்" என்று மட்டும் பொறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் படித்துவிடுதல் எளிது; அது எந்த ஆண்டு என்று கூறுதல் எளிதன்று. அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரபவ திரும்பி வருகிறது. 1927ஆம் ஆண்டிலும் பிரபவ பிறந்தது. 1987ஆம் ஆண்டிலும் பிறந்தது. ஆகவே கல்வெட்டு ஆராய்ச்சியாளர் எழுத்தின் வடிவம், அதில் வரும் அரசன் பெயர், கல் நிற்கும் இடம் ஆகிய பிற சான்றுகளையும் கூட்டிப் பார்த்த பின்னரே காலத்தை முடிவு செய்கிறார்.

கல்லில் பொறித்த எழுத்துக்கு உள்ள இந்தச் சிக்கல், எஃகுக் குழாயில் பொறித்த எண்ணுக்கும் உண்டு. அமெரிக்க நாட்டில் பழைய சைக்கிள்களைத் தேடித் திரட்டுவோர் பலர் உளர். பாட்டனார் ஓட்டிய வண்டியைப் பரணிலிருந்து இறக்கி, அதன் வயதை அறிய விரும்பும் குடும்பங்களும் உள. இவர்கள் அனைவரும் முதலில் நாடுவது வண்டியின் சட்டத்தில் பொறித்துள்ள வரிசை எண்ணையே. ஓர் ஆண்டு முன்பின் ஆவதால் விலை பெரிதும் மாறிவிடும்; ஆதலின் இது வெறும் பொழுதுபோக்கு மட்டுமன்று, ஏமாறுவதும் ஏமாறாதிருப்பதும் இதனைப் பொறுத்ததாகும். அந்த எண்ணை எவ்வாறு படிப்பது, எந்த அளவுக்கு நம்புவது என்பதை ஈண்டுக் காண்போம்.

எடுத்துக்காட்டாக, சிகாகோ நகரத்து ஷ்வின் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியிலிருந்து குடியேறிய இக்னாஸ் ஷ்வின் என்பவர், அடால்ப் ஆர்னால்டு என்பவரோடு கூட்டுச் சேர்ந்து 1895ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். பின்னர் இது அமெரிக்காவின் புகழ்பெற்ற சைக்கிள் நிறுவனமாக வளர்ந்தது. சிகாகோ தொழிற்சாலையில் உற்பத்தி 1980களின் முற்பகுதியில் நின்றது. 1992ஆம் ஆண்டில் நிறுவனம் கடன் சுமையால் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாட நேர்ந்தது. பின்னர்ப் பெயர் பிறர் கைக்கு மாறிற்று. எனினும் சிகாகோவில் பிறந்த வண்டிகள் இன்றும் பல்லாயிரம் வீடுகளில் உள்ளன.

தொழிற்சாலைகள் வரலாற்று ஆசிரியர்க்கு உதவும் பொருட்டு எண் பொறிக்கவில்லை. கணக்கு வைத்துக்கொள்ளவும், உத்தரவாதத்தின் பேரில் திரும்பி வரும் வண்டியை அடையாளம் காணவும், களவு போன வண்டியை உரியவர் கண்டுபிடிக்கவும் அவை பயன்பட்டன. அரசாங்க அலுவலகங்களில் கோப்புகளோடு பழகியவர்க்கு இது நன்கு விளங்கும். கோப்பின் எண் தானாக எதனையும் கூறாது. அதற்குரிய பதிவேட்டைப் புரட்டினால்தான் அது பேசும். பதிவேடு தொலைந்துவிட்டால், எண் ஊமையாகிவிடும்.

ஷ்வின் வண்டிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. 1948ஆம் ஆண்டுக்கு முற்பட்ட எண்களின் பதிவேடுகள் தீயில் அழிந்துபோயின. 1948 முதலான எண்களுக்கு மட்டும், எந்த நாளில் எந்த எண் பொறிக்கப்பட்டது என்னும் பட்டியல் உண்டு. ஆகவே அந்த ஆண்டு ஒரு பெரிய எல்லைக்கல். அதற்குப் பின் பிறந்த வண்டிக்குப் பிறப்புச் சான்று உண்டு. முன் பிறந்ததற்கு முகத்தைப் பார்த்தே வயது கணிக்க வேண்டும்.

முதலில் சான்றுள்ள வண்டிகளைப் பார்ப்போம். எண்ணைப் படிக்கும் முன், அது பொறிக்கப்பட்டுள்ள இடத்தை நோக்க வேண்டும். இடமே பாதி விடையைத் தந்துவிடும். 1952ஆம் ஆண்டு வரையில் எண், பெடல்களின் அச்சு சுழலும் கூட்டின் அடிப்புறத்தில் இருந்தது. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் தெரியும். 1952இல் அது பின்சக்கரத்தின் அச்சு பொருந்தும் இடப்புறத் தகட்டுக்கு மாறியது. 1970இல் மீண்டும் இடம் மாறி, ஹாண்டில் பார் தண்டு புகுந்து நிற்கும் முன்குழாய்க்கு வந்தது. இவ்வாறு கீழே, பின்னே, முன்னே என்னும் மூன்று இடங்கள் மூன்று காலப்பகுதிகளைக் குறிக்கின்றன.

அடுத்து எழுத்துகள். 1965ஆம் ஆண்டு முதல் எண்ணின் தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரலாயின. முதல் எழுத்து மாதம்; இரண்டாவது எழுத்து ஆண்டு. ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி என்று தொடங்கி, எச் என்றால் ஆகஸ்டு என்று வரும். ஆண்டெழுத்தும் அவ்வாறே: ஏ என்பது 1965, பி என்பது 1966, சி என்பது 1967 என்று வளர்ந்து, ஜி என்பது 1971, எச் என்பது 1972 என்றாகும்.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்டியில் "ஜி, சி" என்னும் எழுத்துகளும், மற்றொன்றில் "சி, ஜி" என்னும் எழுத்துகளும் உள்ளன. முன்னது 1967ஆம் ஆண்டு ஜூலை. பின்னது 1971ஆம் ஆண்டு மார்ச்சு. எழுத்துகள் முன்பின்னாக மாறியதால் ஏறத்தாழ நான்கு ஆண்டு வேறுபாடு உண்டாகிவிட்டது. தேய்ந்த எழுத்தைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்னும் ஐயம் எழுமாயின், இடம் நமக்குத் துணை வரும். 1967இல் பிறந்த வண்டியாயின் எண் பின்சக்கரத்தின் அருகே இருக்க வேண்டும். 1971இல் பிறந்ததாயின் முன்குழாயில் இருக்க வேண்டும். எழுத்தும் இடமும் ஒத்துச் சொன்னால் முடிவு உறுதி. மாறுபட்டால் மீண்டும் படிக்க வேண்டும்.

1976ஆம் ஆண்டு முதல் வேறொரு குறிப்பும் கிடைக்கிறது. வண்டியின் நெற்றியில் திலகம் போல் விளங்கும் சின்னத் தகட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டன. முதல் மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும், நான்காவது இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் குறிக்கும். 1236 என்று இருந்தால், ஆறில் முடியும் ஆண்டின் 123ஆம் நாள். அது 1976 எனின், நெட்டாண்டு ஆதலால், மே மாதம் 2ஆம் தேதியாகும். ஆயினும் ஆறில் முடியும் ஆண்டு பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும். நம் பிரபவ அறுபது ஆண்டில் திரும்புவது போல, இது பத்து ஆண்டில் திரும்புகிறது. எனவே தகட்டைத் தனியே நம்பாமல், சட்டத்தின் எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இனி, பதிவேடு எரிந்துபோன காலத்து வண்டிகள். இவற்றின் எண்ணை எத்தனை முறை படித்தாலும் நாள் கிடைக்காது. ஆனால் உறுப்புகள் பேசும். 1933ஆம் ஆண்டில் ஷ்வின் நிறுவனம் பருத்த டயர்களை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் அமெரிக்க வண்டிகளில் விளிம்பின்மேல் ஒட்டப்படும் ஒடுங்கிய ஒற்றைக்குழாய் டயர்களே பெருவழக்கு. பருத்த டயருக்கென்றே அமைந்த விளிம்பும் முட்கரண்டியும் கொண்ட ஷ்வின் வண்டி, 1933க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஈடுபட்ட பின், 1942இல் பொதுமக்களுக்கான சைக்கிள் உற்பத்தியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. பளபளக்கும் குரோமியப் பூச்சுக்கு மாறாக வர்ணம் பூசிய உறுப்புகள் வந்தன. மங்கிய கருமை நிறமுள்ள அவ்வுறுப்புகள் போர்க்காலத்தின் முத்திரை.

ஆயினும் இத்தகைய சான்றுகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் உறுப்பு "இதற்கு முற்பட்டதன்று" என்று கூறவல்லது; "இந்த ஆண்டினதே" என்று கூறவல்லதன்று. சக்கரம் மாறியிருக்கலாம், இருக்கை மாறியிருக்கலாம், ஒரு தலைமுறை கழித்து யாரோ புது வர்ணம் அடித்திருக்கலாம். ஆகவே ஒன்றை மட்டும் பற்றிக்கொள்ளாமல், பல சாட்சிகளை அழைத்து விசாரித்தல் நன்று. மூன்று வேகங்கள் கொண்ட வண்டியாயின், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் செய்த ஹப் பின்சக்கரத்தில் இருக்கக்கூடும். போருக்குப் பிந்திய அந்த ஹப்புகளின் மேற்புறத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் மாதத்தின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். 58, 7 என்று கண்டால் 1958 ஜூலை என்று கொள்ளலாம். நம் நாட்டில் பழைய ஆங்கில வண்டி எதிலேனும் இத்தகைய ஹப் இருப்பின், நேயர்களும் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

எண் தெளிவாகக் கிடைத்த பின்னரும் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது எண் பொறித்த நாளைத்தான் காட்டுகிறது. வண்டி முழுமை பெற்ற நாளையோ, கடையில் விற்ற நாளையோ காட்டவில்லை. சட்டம் சில வாரங்கள் காத்திருந்த பின்னர்ச் சக்கரம் பெறுதல் உண்டு. ஆண்டின் இறுதியில் பொறித்த சட்டம், அடுத்த ஆண்டின் மாதிரியாக விற்பனைக்கு வந்திருத்தலும் இயல்பே.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவலாம். 1963ஆம் ஆண்டில் ஷ்வின் நிறுவனம் "ஸ்டிங் ரே" என்னும் சிறுவர் வண்டியை வெளியிட்டது. உயர்ந்த ஹாண்டில் பாரும், வாழைப்பழம் போன்று நீண்ட இருக்கையும் கொண்ட அது, சிறுவர் உலகைக் கவர்ந்தது. முதல் ஆண்டு வண்டிக்கு மதிப்பு மிகுதி. விற்பவர் ஒருவர், "இது 1963ஆம் ஆண்டின் அசல் வண்டி" என்று கூறுகிறார். எண்ணோ இரண்டு எழுத்துகளுடன் தொடங்குகிறது. அத்தகைய எழுத்து முறை 1965இல்தான் வந்தது என்று அறிந்தவர் அக்கணமே உண்மையை உணர்ந்துகொள்வார். அவ்வாறே, 1949இல் வெளிவந்த "பிளாக் பாண்டம்" என்னும் புகழ்பெற்ற வண்டியை, நிறுவனத்தின் நூற்றாண்டு நினைவாக 1995இல் மீண்டும் செய்து விற்றனர். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இடையே கிடப்பதோ கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு.

முகப்புத் தகட்டின் பெயரிலும் விழிப்பு வேண்டும். பெரிய விற்பனை நிலையங்கள் பிறரிடம் வண்டிகளைச் செய்வித்துத் தம் பெயரில் விற்றன. சியர்ஸ் நிறுவனம் விற்ற "எல்ஜின்" வண்டிகளைச் செய்தவர்கள் வேறு தொழிற்சாலையினர். டயர் விற்ற குட்ரிச் நிறுவனத்தின் பெயர் தாங்கிய வண்டிகள் சில, ஷ்வின் தொழிற்சாலையில் பிறந்தவை. ஒரு தொழிற்சாலையின் முறையைக் கொண்டு மற்றொன்றின் எண்ணைப் படிப்பது, ஒரு மொழியின் இலக்கணத்தால் மற்றொரு மொழிக்கு உரை எழுதுவது போன்றதாகும்.

இறுதியாக, எண்ணைப் படிக்கும் முறை. அரத்தையோ உப்புத்தாளையோ கொண்டு தேய்த்தல் கூடாது. எழுத்து அழிந்தால் சான்று என்றென்றைக்கும் அழிந்தது. சிறிது மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கை மெல்ல நீக்குக. பள்ளங்களில் சுண்ணாம்புக் கட்டியைத் தடவித் துடைத்தால் எழுத்துகள் வெண்மையாக எழுந்து நிற்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போலப் பிரதி ஒன்று கிடைக்கும். சுழி என்னும் எண்ணையும் ஓ என்னும் எழுத்தையும், ஒன்று என்னும் எண்ணையும் ஐ என்னும் எழுத்தையும் மயங்காமல் குறித்துக்கொள்க.

ஒரு தொழிற்சாலையில் தீ மூண்டதனால், அரை நூற்றாண்டு உழைப்பின் நாட்குறிப்பு அழிந்தது. அன்று அந்தப் பதிவேடுகளை யாரும் வரலாறு என்று கருதியிருக்கமாட்டார்கள். வெறும் கடைக்கணக்கு என்றே எண்ணியிருப்பார்கள். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மிடத்தும் இத்தகைய தாள்கள் உண்டு: தந்தையார் சைக்கிள் வாங்கிய ரசீது, பழைய வாடகைச் சீட்டு, ரயில்வே பார்சல் துண்டு. பொருள்கள் நீடித்து நிற்கும். அவற்றின் நாளைச் சொல்லும் தாள்களே முதலில் மறையும். ஆகவே பெட்டியைத் துப்புரவு செய்யும் நாளில், எறியும் முன் ஒரு முறை அத்தாள்களைப் படித்துப் பார்த்தல் நலம்.