காம்பாரில் ஏது குளிர்?

இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்த மறுநாள், மலேசியாவின் காம்பாரில் சில வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தாலும் எண்ணெய் இறங்காது. 24, 25 செல்சியஸிலேயே அது உறையத் தொடங்கிவிடும். அதே காலையில், பெரட்டு முடிந்து செம்பனைக் குலை ஏற்றப் போக வேண்டிய டிராக்டர் முக்கி முனகி நின்றுவிட்டால், "ராத்திரி குளிருதான் காரணம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, இருபது மடங்கு இறுக்கினால் அது 500 செல்சியஸைத் தாண்டிச் சூடேறும். அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பு சுடுகிறதே, அதே சங்கதிதான். உள்ளே நுழையும் காற்று 10 பாகை குறைந்தால், இறுக்கி முடிந்ததும் அந்தக் குறைவு 25, 30 பாகையாகப் பெருகும். பனி கொட்டும் நாடுகளில் இது பெரிய தொல்லை. காம்பாரின் 23 பாகைக் காலை நல்ல இன்ஜினை ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே நொந்துபோன ஒன்றைத்தான் அது காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலும் அது பேட்டரி. நம் ஊர் வெயில்தான் அதன் எமன்: சூட்டில் உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் சீக்கிரம் அரிக்கும். பேட்டரி சோர்ந்து இன்ஜின் மெதுவாகச் சுழன்றால், இறுக்கிய காற்று பிஸ்டன் வளையங்களின் இடுக்கில் கசியும். இருக்கும் சூட்டையும் உலோகச் சுவர் குடித்துவிடும். அதாவது, சோம்பிய பேட்டரி தானே ஒரு குளிர்காலத்தை உண்டாக்கிக்கொள்கிறது! பேட்டரியின் கம்பி முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுரண்டினாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும் என்பது என் கணிப்பு.

சுழற்சி நன்றாக இருந்தும் கிளம்பவில்லையா? புகைபோக்கியைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லாவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை: அடைத்த பில்டர், குழாயில் புகுந்த காற்று, அல்லது தண்ணீர். ஈதர் தெளிப்பானைக் கையில் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காற்றைச் சூடாக்கும் செருகி உள்ள இன்ஜினில் அதை அடித்தால் வெடிக்கக்கூடும்.

தண்ணீர் விஷயத்தில் நம் எரிபொருளுக்கும் பங்குண்டு. செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் ஆய்வை மலேசியா 1982-இல் தொடங்கியது. 2019-இல் வாகன டீசலில் அதை 10 விழுக்காடு கலப்பது நடைமுறைக்கு வந்தது. சாதாரண டீசலைவிட அது ஈரத்தை அதிகமாக இழுக்கும். பாதி காலியான டாங்கியின் உட்சுவரில் இரவில் நீர் கோத்து அடியில் இறங்கும். அந்த நீருக்கும் டீசலுக்கும் நடுவே நுண்ணுயிர்கள் குடியேறி, கறுப்புச் சளியாகிப் பில்டரை அடைக்கும். சாயங்காலமே டாங்கியை நிரப்பி வைப்பது இதனால்தான்.

உண்மையான குளிர்த் தொல்லையைப் பார்க்க வேண்டுமானால், பக்கத்துத் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏற வேண்டும். 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி அங்கே 7.8 செல்சியஸ் பதிவானது. 1,400 மீட்டருக்கு மேல் காற்றழுத்தமும் ஆறில் ஒரு பங்கு குறைவு. இறுக்குவதற்குக் காற்றே கம்மி. எரிபொருளும் சேர்ந்து தொல்லை தரலாம்: செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி, சட்டென உறையும் நிறைவுற்ற கொழுப்பு. அதனால் கலப்பில்லாத செம்பனை டீசல் 15 பாகையை ஒட்டியே மெழுகுபோல் கலங்கத் தொடங்கும். சோயா டீசலுக்கோ அது பூஜ்ஜியத்துக்கு அருகே. பத்து விழுக்காட்டுக் கலவை இவ்வளவு சீக்கிரம் கலங்காது. ஆனாலும் மலையின் அதிகாலையில் பில்டரை ஒருமுறை சந்தேகப்படுவதில் தவறில்லை.

மெழுகா, தண்ணீரா என்று பார்க்கக் கருவி வேண்டாம். டாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் டீசலைப் பிடித்து வையுங்கள். அடியில் தனியாகப் பிரிந்து நின்றால் தண்ணீர். மேலெல்லாம் பால்போல் கலங்கி, வெயிலில் வைத்ததும் தெளிந்தால் மெழுகாக இருக்கலாம். காம்பாரில் பிடித்த புட்டி என்றால், முதலில் அடியைப் பாருங்கள்.