சேவ் பண்ண ஆட்டம் எங்கே போச்சு?

சேகா சாட்டர்ன் போன்ற பழைய சிடி கேம் பெட்டியைப் பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், வந்ததும் குறை சொல்வது லென்ஸைத்தான். தாராவி 90 அடி சாலைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு நெல்லைக்காரத் தம்பியிடம், செம்பூரிலிருந்து வந்த தகப்பனார் ஒருவரும் அப்படியேதான் ஆரம்பித்தார். “சிடி சுத்துது, கேம் ஓடுது. ஆனா ராத்திரி சேவ் பண்ணது காலையில இருக்க மாட்டேங்குது. ஆன் பண்ணாலே தேதி என்னன்னு கேக்குது. லென்ஸை மாத்திடலாமா தம்பி?”

தம்பி ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. “லென்ஸுல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. செல்லு செத்துப்போச்சு” என்று பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்து மூடியைக் காட்டினான்.

சிடியில் நம் ஆட்டம் பதிவாவதே இல்லை. கேம் சிடி என்பது தொழிற்சாலையில் அச்சுக் குத்தி வருவது. அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. எத்தனை கட்டம் தாண்டினோம், எத்தனை உயிர் மிச்சம் என்பதையெல்லாம் பெட்டி வேறெங்காவது குறித்துக்கொண்டாக வேண்டும். ஜப்பானில் 1994 நவம்பர் 22 அன்று விற்பனைக்கு வந்த சாட்டர்னில் அந்த இடம், போர்டில் இருக்கும் 32 கிலோபைட் எஸ்ரேம் சிப்.

32 கிலோபைட் என்றால் 2,62,144 பிட்டுகள். எஸ்ரேமில் பொதுவாக ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள். அவற்றில் நான்கு, இரண்டு ஜோடிகளாகி ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. இது 1 என்றால் அது 0, அது 0 என்பதால் இது 1. மீதி இரண்டும் படிக்கவும் எழுதவும் திறக்கும் கதவுகள். தஹி ஹண்டி அன்று நம் தெருக்களில் கோவிந்தாக்கள் தோள்மேல் தோளாக ஏறி நிற்பதைப் போன்ற ஏற்பாடு இது: நிற்கும்வரை கோபுரம், கலைந்தால் யார் எந்த அடுக்கில் நின்றார் என்பதற்குச் சுவடே கிடையாது. மின்சாரம் நின்ற நொடியில் ஆட்டம் அழிவது அப்படித்தான். அதை மீட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மறுபடி மின்சாரம் வரும்போது பிட்டுகள் கண்டபடி 0, 1 என்று விழுந்து கிடக்கும். இது பழைய பதிவா, வெறும் குப்பையா என்று பெட்டி தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சாட்டர்ன் நினைவகத்தின் தொடக்கத்தில் ‘பேக்கப் ரேம் ஃபார்மட்’ என்று ஆங்கிலத்தில், இடைவெளியோடு சேர்த்துப் பதினாறு எழுத்து, திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். அந்த வாசகம் இல்லையென்றால் நினைவகம் காலி என்றுதான் பெட்டி எடுத்துக்கொள்ளும்.

சுவிட்சை அணைத்த பிறகும் இந்த சிப்பையும் கூடவே கடிகாரத்தையும் உயிரோடு வைப்பது சிஆர்2032 என்ற பட்டன் செல். 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட். உள்ளே லித்தியமும் மாங்கனீஸ் டையாக்ஸைடும். கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி. பெட்டி சும்மா கிடக்கையில் 10 மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால் 22,000 மணி நேரம், அதாவது இரண்டரை வருடம். பெட்டி ஓடும்போது செல்லுக்கு வேலையில்லை. அந்தப் பொறுப்பை வீட்டு மின்சாரம் ஏற்றுக்கொள்ளும். ஆகவே, தினமும் விளையாடுகிறவரின் செல்லைவிட, ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று பரணில் ஏற்றியவரின் செல்தான் சீக்கிரம் தீரும். அதோடு, சூடு ஏற ஏற சிப்பின் கசிவு மின்னோட்டமும் ஏறும். தகரக் கூரைக்கடியில் மே மாதம் எப்படியிருக்கும் என்று தாராவிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்து ஈரம் தன் பங்குக்குச் செல் உட்காரும் தகட்டில் பூத்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும்.

செல் மாற்றுவது குழந்தை வேலை. பின்பக்க மூடியைத் திறந்து, பழையதை நெம்பி எடுத்து, பிளஸ் குறி மேலே தெரிய புதியதை வைக்க வேண்டும். (அதே மூடிக்குள் இருக்கும் இன்னொரு பள்ளம் வீடியோ சிடி கார்டுக்கானது. விசிடியில் ரஜினி படம் பார்த்த வீடுகளில் அது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.) செல் இன்னும் முழுக்கச் சாகவில்லை, பழைய பதிவுகள் இருக்கின்றன என்றால், பெட்டியை ஆன் செய்து ஓடவிட்டபடியே மாற்றுங்கள், செல் இல்லாத அந்த இடைவெளியில் மின்சாரம் சிப்பைத் தாங்கிக்கொள்ளும். நெம்புவதற்கு உலோகக் கம்பி வேண்டாம், பிளாஸ்டிக் முனை போதும்.

ஆன் செய்வதற்கு முன் பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். 1995இல் சேகாவின் மெகா டிரைவை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது ஷா வாலஸ். ஆமாம், மது விற்ற அதே நிறுவனம்தான். விலை 18,000 ரூபாய். அந்நாளில் அது பலருக்குப் பல மாதச் சம்பளம். அதனால் வெளிநாட்டிலிருந்து யாராவது பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததுதான் நிறைய வீடுகளுக்குக் கிடைத்தது. ஜப்பான் சாட்டர்ன் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பவர் சப்ளை கருகும். லாமிங்டன் ரோட்டில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கிக்கொண்டு பிறகு விளையாடலாம்.

இதே வைத்தியத்தை சேகாவின் அடுத்த பெட்டியான டிரீம்காஸ்ட்டுக்குச் செய்யப் போனால் வம்பு. அதிலிருப்பது எம்எல்2020 என்ற ரீசார்ஜ் செல். கன்ட்ரோலர் செருகும் போர்டில் சால்டர் வைத்தே வருகிறது. பார்க்க சிஆர்2032 மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் சிஆர் செல்லை வைத்தால், ஏற்றக் கூடாத செல்லுக்குள் போர்டு மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். செல் உப்பிக் கசியும், வெடிக்கவும் கூடும். எம்எல்2032 வாங்கி, அதற்கொரு சாக்கெட் வைத்து சால்டர் செய்வதுதான் முறை. டிரீம்காஸ்ட்டில் செல் செத்தால் கடிகாரம் மட்டும் 1998 நவம்பர் 27க்கு, ஜப்பானில் அந்தப் பெட்டி வெளியான நாளுக்கே திரும்பிவிடும். ஆட்டம் போகாது, அது தனி மெமரி கார்டின் ஃபிளாஷ் சிப்பில் பத்திரமாக இருக்கும்.

கழற்றிய செல்லை மேஜைமேல் விட்டுவிடாதீர்கள். தீர்ந்துபோன செல்லிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் திசு வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குப்பையில் போடும்போதும் இரு முகத்திலும் டேப் ஒட்டிப் போடுவது நல்லது. நம் கழிவெல்லாம் கடைசியில் யாரோ ஒருவர் கையால் பிரிக்கப்படுகிறது.

இரண்டு வருடத்துக்கொரு முறை இந்த வேலை எதற்கு என்பவர்கள் எஸ்ரேமைப் பெயர்த்துவிட்டு எஃப்ரேம் சிப் வைக்கிறார்கள். அதில் மின்சாரம் இல்லாமலே பிட்டுகள் நிலைத்திருக்கும். ஒரு படிகத்துக்குள் அணுக்கள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்து நிற்பதுதான் 0, 1. நுண்ணிய கால்களைச் சால்டர் செய்து பழகிய கை வேண்டும், போர்டின் தடம் பெயர்ந்தால் எல்லாம் போச்சு. என்னைக் கேட்டால், பத்திருபது வருடச் சேமிப்பை வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பட்டன் செல்லே போதும். எஃப்ரேம் வைத்தவர்களும், “அப்பவும் தேதி கேக்குதே” என்று கடைக்குத் திரும்பி வருகிறார்கள். கடிகாரம் ஓட அந்தச் செல் வேண்டியிருக்கிறது.