மீதிப் பத்து விழுக்காடு

மென்பொருள் எழுதுவோரிடம் “வேலை எந்த அளவில் இருக்கிறது?” என்று கேட்டால், “பெரும்பாலும் முடிந்துவிட்டது, கொஞ்சம்தான் பாக்கி” என்பார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாம் கார்கில் இதற்கு ஒரு வேடிக்கைக் கணக்குச் சொன்னார். நிரலின் முதல் 90 விழுக்காட்டுக்குக் குறித்த காலத்தில் 90 விழுக்காடு செலவாகும். எஞ்சிய 10 விழுக்காட்டுக்கு இன்னொரு 90 விழுக்காடு செலவாகும். கூட்டினால் 180! ஜான் பென்ட்லி 1985இல் தம் இதழ்ப் பகுதியில் எடுத்துக்காட்டிய பின் இது பரவலாயிற்று.

ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் காணும் நிரலை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண்களைக் கூட்டு, மாணவர் எண்ணிக்கையால் வகு, விடையை அச்சிடு. முதலாண்டு மாணவர்கூட ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவார். விடையும் சரியாக வரும். இதுதான் அந்த 90 விழுக்காடு.

இனிமேல்தான் கேள்விகள் கிளம்புகின்றன. தேர்வுக்கு வராதவருக்குச் சுழியமா, அல்லது அவரைக் கணக்கிலிருந்தே நீக்குவதா? 67 என்பது 677 என்று பதிவாகியிருந்தால்? ஒரு பாடத்தில் யாருமே சேரவில்லை என்றால் சுழியத்தால் வகுக்க நேரும்; நிரல் நின்றுவிடும். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் மாறினால் பழையதை என்ன செய்வது? மூன்று வரி இப்போது முப்பதைத் தாண்டிவிடும். இவற்றுள் சிலவற்றுக்கு நிரல் எழுதுபவரால் விடை சொல்லவே முடியாது. அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் மேலிடத்தில் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் கடைசிக் கட்டத்தின் கணக்கில்தான் சேருகிறது.

இவை தனித்தனியே வந்தாலும் சமாளிக்கலாம். ‘ஆம்’, ‘இல்லை’ என இரு நிலைகள் கொண்ட 10 நிபந்தனைகள் சேரும் வழிகள் 1024. 20 நிபந்தனைகள் என்றால் 10,48,576. எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது யாருக்கு இயலும்? போதாக்குறைக்கு, ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொன்று முளைக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வெளிவந்த தம் நூலில் அவ்வாறு முளைக்கும் வாய்ப்பை 20 முதல் 50 விழுக்காடு என்று மதிப்பிட்டார். மொத்தக் காலத்தில் நிரல் எழுத ஆறில் ஒரு பங்கும், சோதனைக்குப் பாதியும் ஒதுக்கச் சொன்னவர் அவர்.

சோதனையை அவசரமாக முடித்தால் அதன் பலனை யாரோ ஒருவர் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஒன்றைக் கணினியில் நிரப்பினேன். ‘தந்தையின் கல்வித் தகுதி’ என்ற பட்டியல் ஐந்தாம் வகுப்பில் தொடங்கி முதுகலை வரை சென்றது. பள்ளிக்கே போகாதவர் என்று குறிக்க இடமில்லை. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. என் தந்தையார் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. “அஞ்சாவதுன்னு போடு தம்பி, யாரு பார்க்கப் போறா?” என்றார் கணினி மையக்காரர். எனக்கு மனம் வரவில்லை. கடைசி நாள் வரை அலைந்து காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பட்டியலை எழுதியவர் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார். அவர் மனத்தில் வந்த தந்தையரெல்லாம் படித்தவர்கள், அவ்வளவுதான்.

கடைசிக் கட்டத்துக்குக் கணக்குப் பாராமல் காலம் தந்தவர் டொனால்டு கனூத். தம் நூலின் அச்சுப்படி கண்ணுக்கு அழகாக இல்லை என்று, 1977இல் ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைத் தொடங்கினார். ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்பது எண்ணம். பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவர் குறித்துவைத்த திருத்தங்கள் 850க்கும் மேல். அவற்றை மறைக்காமல் வகைப்படுத்தி 1989இல் கட்டுரையாகவே வெளியிட்டார். புதுப் பிழை காட்டுவோருக்குக் காசோலையும் அனுப்பினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் பதிப்பெண் ‘பை’ என்னும் எண்ணை நோக்கி ஓர் இலக்கம் நீளும். 2021இல் வந்தது 3.141592653. தம் மறைவுக்குப் பின் அந்த எண்ணை ‘பை’ என்றே நிறுத்திவிட வேண்டும், அன்று எஞ்சியிருக்கும் பிழைகள் யாவும் அந்த மென்பொருளின் இயல்புகளாகவே கொள்ளப்பட வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார்.